காலி எடை வெங்கடாசலம்

டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் வெங்கடாசலம் முதலில் அதை லேசாகத் தூக்கிப் பார்க்கிறார். "இன்னிக்கு ஒரு முழுங்கு கம்மிங்க" என்கிறார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார். திருச்செங்கோடு சாலையில் ஓர் எடை மேடையில் இருபத்தாறு வருடமாக லாரிகளை எடை போடுகிறவரிடம் யார் வாதாடுவது?

லாரி மேடையில் ஏறும் முன்பே எடையைச் சொல்லிவிடுவார். "டயரும் ஸ்பிரிங் பட்டையும் எத்தன உக்காந்திருக்குதுன்னு பாத்தாத் தெரியாதுங்களா?" கம்ப்யூட்டர் காட்டுவதும் அவர் சொன்னதும் நூறு, இருநூறு கிலோவுக்கு மேல் விலகியதில்லை. டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'காலி எடை'. வண்டியின் காலி எடையைக் கழித்தால்தானே சரக்கு எவ்வளவு என்று தெரியும்? அதனால் எந்தப் பேச்சை எடுத்தாலும், "லோடு எடையச் சொல்லாதீங்க, காலி எடையக் கழிச்சுட்டுச் சொல்லுங்க" என்பார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் தரகரிடமும் இதையே சொல்லி, மனைவி பாப்பாயியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அரசாங்கத்திடமும் இதே கணக்கைத்தான் போட்டார். அவர் வீடு ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் கரடு சரிந்து, பாறை ஒன்று உருண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருபதடியில் புளியமரத்தில் முட்டி நின்றது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அடிவாரத்து வீடுகளை அரசே இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மூன்று சென்ட் இடமும் தரும், சம்மதக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துசேர வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு அவரவர் பாடு.

வெங்கடாசலம் தாலுகா ஆபீசில் போய் உட்கார்ந்தார். "நீங்க சொல்றது லோடு எடைங்க. எங்க கெணத்துத் தண்ணி, ஆறு உருப்படி ஆடு, சைக்கிள்ல வேலைக்குப் போற தூரம், எல்லாங் கழிச்சா மிஞ்சறது என்னங்க?" கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று சென்டில் ஆட்டை எங்கே கட்டுவது? கிணற்றுக்கு அவர்கள் போட்ட மதிப்பில் படிக்கட்டுகூட வெட்ட முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் மண் சுமந்து கட்டிய வீட்டுக்கு அதிகாரிகளின் மதிப்பீட்டுக் காகிதத்தில் 'பழைய ஓட்டு வீடு' என்று ஒரே வரி. அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

ஆனால் அந்த வீட்டின் பின்னறையில் படுப்பது மருமகள் தீபிகாவும் ஏழு மாதப் பேத்தியும். மகன் லாரியோடு வடக்கே போனால் திரும்பிவர இருபது நாள் ஆகும். வானம் கறுத்தாலே தீபிகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையோரக் கடைக்குப் போய்விடுகிறாள். வெங்கடாசலம் அவளைத் திட்டவில்லை, ஆறுதல்தான் சொன்னார். "அந்தக் கல்லு ஏழு டன்னுக்கு மேல இருக்காது சாமி. அதைய அந்த மரம் தாங்கிருச்சுல்ல, இன்னொன்னு வந்தாலுந் தாங்கும்."

"கல்லு உங்க மேடையில ஏறி எடை போட்டுட்டுத்தான் வருமுங்களா?" என்று கேட்டாள் பாப்பாயி.

அந்தப் பேச்சு தைத்துவிட்டது. புதன்கிழமை ஆள் வைத்துப் பாறையை உடைத்து, டிரைவர் கோகுல்ராஜின் டிப்பரில் ஏற்றித் தன் மேடைக்கே வரச் சொன்னார். ரசீது வந்தது. காலி எடை போக எட்டு டன் இருநூறு. ஒரு டன்னுக்கு மேல் தப்பு. இருபத்தாறு வருடத்தில் இல்லாத அவமானம். வண்டியில் ஏற்கெனவே வேறு கல் கிடந்ததா என்று டிரைவரைக் கேட்டார்.

கோகுல்ராஜ் தலையைச் சொறிந்தான். "இது பாதிதானுங்க. மிச்சம் மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடக்குது. மரத்து வேரெல்லாம் அத்துப் போயிருக்குதுங்க."

வெளியே தெரிந்ததை மட்டும்தான் அவர் எடை போட்டிருந்தார். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. வெங்கடாசலம் மேடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தார். பின்னறையில் பேத்தியின் தொட்டிலை அவிழ்த்து மடித்து மருமகளிடம் கொடுத்தார். முன்னறையில் கட்டட்டுமா என்று அவள் கேட்டாள். அவர் ஸ்டூலில் ஏறி, தொட்டில் தொங்கிய இரும்புக் கொக்கியை விட்டத்திலிருந்து திருகிக் கழற்றி, இத்தனை நாளாகக் கையெழுத்துப் போடாத சம்மதக் கடிதத்தை மடித்து வைத்திருந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.