இடுப்பில் இரண்டு இஞ்ச் கூடுதல்

துணி திருத்தும் கடையில் இடுப்பளவைப் பற்றி யாரும் உண்மை சொல்வதில்லை. டேப்பைச் சுற்றும்போது எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில் ஒரு சட்டம் வந்தது. அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துப்போகலாம். அதற்குப் பிறகுதான், முதல் தடவையாக, ஆட்கள் தாங்களாகவே வந்து "ரெண்டு இஞ்ச் கூட்டி வையுங்க" என்று கேட்டார்கள். எதற்கு என்று சொல்லமாட்டார்கள். வலது இடுப்பைத் தொட்டு மட்டும் காட்டுவார்கள்.

எங்கள் கடை அதே டெக்சாஸில், இர்விங் என்ற ஊரில், ஒரு டோநட் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. சலவைத் துணியை வாங்கி, வெளுத்துத் தருகிற பிளான்ட்டுக்கு அனுப்புவது என் கணவர், இவர் வேலை. பிரிப்பதும் தைப்பதும் என் வேலை. கோயம்புத்தூரில் இலக்கியம் படித்துவிட்டு இங்கே வந்து அடுத்தவர் காற்சட்டைக்கு மடிப்பு அடித்தேன். கணவனோடு சேர்ந்து கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த வருஷங்களில் எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். இவருக்கு மறதி ஆரம்பித்திருந்தது. அதே சமயம் பார்த்து எங்களிடம் ஒரு துப்பாக்கியும் வந்து சேர்ந்தது.

டார்லீனின் கோட்

டார்லீன் வீடு விற்கிற ஏஜென்ட். காலி வீடுகளை முன்பின் தெரியாதவர்களுக்குத் தனியாகத் திறந்து காட்டவேண்டும். ஒரு நாள் நீலக் கோட்டை என் மேஜை மேல் போட்டு, அதன் மேல் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து வைத்தாள். கறுப்பாக, ஒரு சோப்புப் பெட்டி அளவுக்கு. எடுத்துப் பார்க்கச் சொன்னாள். என் கை போகவில்லை. சாக்கட்டியின் நுனியால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. குட்டிதான், ஆனால் அத்தனை கனம்.

கனம்தான் எனக்குப் பிரச்சினை. உள்ளே அதை வைத்தால் கோட் வலது பக்கம் இழுத்துக்கொண்டு, தோள் சரிந்து, பார்க்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். திரைச்சீலையின் அடியில் வைத்துத் தைக்கிற ஈயத் துண்டுகளை எடுத்து இடது ஓரத்தின் மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். கோட் நேராக நின்றது. கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மட்டும் நேராகவில்லை. இதை வைத்துக்கொண்டால் பயம் போய்விடுகிறதா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "போகல ஹனி. முன்னாடி ஒரு பயம் இருந்துச்சு, இப்ப அதுக்குத் துணைக்கு இன்னொண்ணு இருக்கு."

செந்திலின் அம்மா வந்தபோது

செந்தில் ஈரோட்டுப் பையன், கிரீன் கார்டு வாங்கியவன், பக்கத்தில் லாஸ் காலினாஸில் வேலை. வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர், ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிப் போட்டி. அட்டை மனிதர்களை வரிசையாக நிறுத்தி, மணி அடித்ததும் உறையிலிருந்து உருவிச் சுடவேண்டும். யார் சீக்கிரம், யார் குறி தப்பவில்லை என்று பார்ப்பார்கள். அந்தப் போட்டிக்கு நான்தான் அவனுக்குக் கைவைக்காத மேல்சட்டை தைத்துக் கொடுத்தேன். "ஆன்ட்டி, ஒரு நூல்கூடத் தடுக்கக்கூடாது" என்பான்.

அவன் அம்மா ஆறு மாதத்துக்கு வந்தபோது நடுங்கிப்போனான். வீட்டில் சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடிக்கிற அம்மா. பிஸ்டலைப் பெட்டியோடு கொண்டுவந்து, "அங்கிள், அம்மா ஃபிளைட் ஏறற வரைக்கும்" என்று கெஞ்சினான். நான் முடியாது என்றேன். இவர் சரி என்றார். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்து டோநட் கடையில் பட்டப்பகலில் ஒருவன் கொள்ளையடிக்கப் புகுந்து, அங்கே வேலை செய்கிற பெண்ணை மாவு மேஜையடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தான். அந்தச் சத்தம் எங்கள் சுவர் வழியாகக் கேட்டது. இவர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

செந்திலின் அம்மா ஒரு நாள் ரவிக்கை பிரிக்க வந்தவர், என் காதருகே குனிந்தார். "ஏனுங்கக்கா, பையன் என்னத்தையோ ஒளிக்கறானுங்க. அரிசி டின்னு வரைக்கும் தேடிட்டேன். ஒரு பொண்ணா இருந்தாக்கூட மனசு ஆறிப்போயிருமுங்க!"

வியாழக்கிழமை

அம்மா ஊருக்குப் போனார். பிஸ்டல் திரும்பிப் போகவில்லை. செந்தில் போட்டிக்கென்று புதிதாக ஒன்று வாங்கிவிட்டான், பழையது இவருடையதாயிற்று. அனுமதிச் சீட்டுக்காக வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், சுட்டும் காட்டினார். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்று சொல்லித்தர வந்தவரே பாராட்டினாராம். கை நடுங்கியிருந்தால் சீட்டு கிடைத்திருக்காது. மறதிக்கு அங்கே பரீட்சை இல்லை.

காலையில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று இரண்டு தடவை கேட்பார். வாடிக்கைக்காரரின் பெயரை எழுதிவிட்டு, அதே ஆளிடம் பெயர் கேட்பார். இதெல்லாம் வயசு என்று நான் சிரித்து மழுப்பிய காலம். ஒரு நாள் தன் பழுப்புக் கோட்டை என் மேஜையில் வைத்து, உள்பக்கம் ஒரு பாக்கெட் வைக்கச் சொன்னார், அதற்குத்தான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தைத்த கை, அந்தக் கோட்டின் மேல் ஓடவில்லை. வியாழக்கிழமை தருகிறேன் என்றேன். எங்கள் கடையில் எல்லோருக்கும் சொல்கிற கெடு அதுதான். வியாழன் வந்தது, அடுத்த வியாழன் என்றேன். இப்படியே எத்தனையோ வியாழன்கள். எல்லாம் மறக்கிறவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. "கவர்னருக்குக்கூட நாலு நாள்ல குடுத்துருவ. எனக்கு மட்டும் வாரமே திரும்ப மாட்டேங்குது, புள்ள."

சந்தன வாசனை

ஆயுத பூஜைக்கு வழக்கம்போலத் தையல் மெஷின், கத்தரிக்கோல், டேப், கார் சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பூவெடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தால், என் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் அதுவும் படுத்திருக்கிறது. இவர் தன் கையால் குழைத்த சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, மேலே குங்குமம். "ஆயுதம்னா இதுதான் ஆயுதம்" என்றார். கற்பூரத்தைக் காட்டும்போது அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து, சற்றுத் தள்ளி நின்றேன்.

மறுநாள் நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டேன் என்று சொன்னார். நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை செந்தில் இவரைப் போட்டிக்கு அழைத்துப்போனான். மணி அடித்தது, இவர் ஒரு முறை சுட்டார், அதோடு சிக்கி நின்றுவிட்டது. சந்தனம் இடுக்கிலெல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தது. செந்தில் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் சிரிக்கவில்லை. துடைத்தேன் என்று இவர் பொய் சொல்லவில்லை, துடைத்ததாகவே நினைத்திருக்கிறார். அப்படியானால் "குண்டை எடுத்துட்டேன்" என்று தினமும் சொல்கிறாரே, அது?

போட்டியை மேற்பார்வை பார்த்த வெள்ளைத் தாடிக்காரர் பிஸ்டலை வாங்கி, முகர்ந்து பார்த்து, செந்திலிடம் சொன்னாராம்: "மண்ணு பாத்திருக்கேன், சேறு பாத்திருக்கேன். செத்துப்போன எங்க அத்தையோட அலமாரி மாதிரி மணக்கற துப்பாக்கிய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ரோசாவின் போன்

துணி பிளான்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்க்கவேண்டும். கடை திறந்த நாள் முதல் அது இவர் வேலை. மோதிரம், பல் செட், காதல் கடிதம் எல்லாம் எடுத்து உறையில் போட்டு, பெயர் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒருவர் பொருளும் தவறியதில்லை. மறதி வந்த பிறகும் அந்த ஒரு வேலையில் விரல்கள் தாமாகவே ஞாபகம் வைத்திருந்தன.

ஒரு திங்கட்கிழமை பிளான்ட் வேன் துணி மூட்டைகளோடு போன பிறகு, பிஸ்டலைக் காணோம். டிராயரில் இல்லை, காரில் இல்லை. இவர் கடைக்கு நடுவில் நின்று தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, கடைசியா எங்க வெச்சீங்க?" என்று நான் கேட்டேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது. கோட்டில் நான் பாக்கெட் வைத்துக் கொடுக்கவில்லை. அதனால் அதைக் காற்சட்டைப் பையில் வைத்துத் திரிந்திருக்கிறார். அந்தக் காற்சட்டையையும் வாடிக்கைக்காரர்களின் துணியோடு மூட்டையில் போட்டுவிட்டார். ஊரார் பாக்கெட்டைப் பார்க்கிறவருடைய பாக்கெட்டை யார் பார்ப்பது?

அந்த பிளான்ட்டில் கொதிக்கிற டிரம்கள் இருந்தன; மூட்டை பிரிக்கிற ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். நான் போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. மூட்டை பிரிக்கிற, ஸ்பானிஷ்காரி ரோசா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரையும் சுவரோரமாக நிற்க வைத்துவிட்டு, அந்தக் காற்சட்டை கிடந்த மேஜைக்குக் காவல்போல் நின்றிருந்தாள். இவர் எடுத்துத் திறந்தார். உள்ளே குண்டு இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ரோசா கையை உயர்த்தி நிறுத்தினாள். "எனக்கு மூணு பிள்ளைங்க, செனோரா. நீங்க சாரி சொல்றதுக்கு நான் உயிரோட இருக்கேன், அதுக்கு மாதாவுக்கு நன்றி சொல்லுங்க."

கவுண்டரின் அந்தப் பக்கம்

அடுத்த நாள் இவர் செந்திலைக் கூப்பிட்டுப் பிஸ்டல் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். "வெச்சுக்க தம்பி, திரும்பக் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத." செந்தில் என்னைப் பார்த்தான். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்; ஊசியின் காது தெரியவில்லை.

அவன் போன பிறகு இவர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்தார், வாடிக்கைக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு. என் மேஜையில் மாதக்கணக்காகக் கிடந்த பழுப்புக் கோட்டைக் கேட்டு வாங்கினார். அதில் நான் குத்தி வைத்திருந்த டிக்கெட்டைப் பிரித்தெடுத்து, தன் பெயரை ஒரு தடவை நிதானமாகப் படித்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, பாக்கெட்டுகளை இரண்டு பக்கமும் வெளியே இழுத்துக் காட்டினார். போலீஸ்காரன் முன்னால் நிற்கிறவரைப் போல. "அந்தப் பாக்கெட் இனி வேண்டாம் புள்ள. ஊரு பாக்கெட்டெல்லாம் நான் பாத்துட்டேன், என்ர பாக்கெட்ட இனி நீ பாத்துக்க."

இத்தனை வருஷம் ஊசி பிடித்ததில் நான் கற்றது, இரண்டு இஞ்ச் விட்டுத் தைத்தால் துப்பாக்கியை மறைத்துவிடலாம், பயத்துக்குத்தான் எவ்வளவு விட்டாலும் துணி பத்துவதில்லை.