மைக்கின் மேல் கட்டிய கைக்குட்டை

1. யூனிட் கிழியவில்லை

மைக் செட் வேலையில் தனி ஆபரேட்டராகப் போன முதல் நாளே, பாட்டு நடுவில் செட்டை அணைத்துவிட்டேன். அறுபதுகளின் கடைசி அது. கவரைப்பேட்டையில் ஓர் ஆணிக் கம்பெனி. ஆயுத பூஜை அன்று மாலை தொழிலாளர்களுக்காகப் பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். திருவள்ளூரில் நான் வேலை பார்த்த கடையின் முதலாளிக்குக் காய்ச்சல். "வால்வு செட்டு ஒண்ணு, புனல் ஸ்பீக்கர் நாலு, மைக் மூணு. எதுவும் கூவாம பாத்துக்கோ, அவ்ளோதான்" என்று சொல்லி என்னை லாரியில் ஏற்றிவிட்டார்.

கச்சேரி செய்தது பொன்னேரி நாயுடு மாஸ்டருடைய குழு. மாஸ்டர் அக்கார்டியன் வாசிப்பார். கிதாரும் டிரம்மும் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள். முதல் மூன்று பாட்டும் பழுதில்லாமல் போயின. நாலாவதாக ஒரு பெண் வந்து மைக் முன்னால் நின்றார். முப்பது வயது இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாயைத் திறந்தார். நாலு புனலிலிருந்தும் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் யூனிட்டுக்குள் ஒரு மெல்லிய தகடு உண்டு. அது கிழிந்தால் இப்படித்தான் கரகரக்கும். கிழிந்தே விட்டது என்று முடிவு கட்டினேன். செட்டை அணைத்தேன். திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு சவுக்குக் கம்பத்தில் ஏறினேன். கீழே நூற்றுக்கணக்கான பேர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால் தகடு புதுசாக மின்னுகிறது. அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பெண் பாட்டை நிறுத்தவே இல்லை. மைக் செத்துப்போன மேடையில் காலால் பலகையை உதைத்துத் தாளம் போட்டபடி பாடிக்கொண்டிருந்தார். அந்தக் கரகரப்பு அவர் தொண்டையிலிருந்தே வந்தது. கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்தபடி நான் அதைக் கேட்டேன். இறங்கவே தோன்றவில்லை.

கச்சேரி முடிந்து அவரே என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, மிஷினுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. கிழிஞ்சிடுச்சின்னு நெனச்சேன்."

"கிழிஞ்சது மிஷினு இல்ல, என் தொண்ட. சர்ச்சுல பாடசொல்லவே இப்டிதான் கீது. பாஸ்டரு மொளகு மெல்ல சொன்னாரு. மென்னு மென்னு நாக்கு எரிஞ்சதுதான் மிச்சம்."

அவர்தான் எஸ்தர் அக்கா. சுற்றுவட்டாரத்தில் கவரைப்பேட்டை எஸ்தர் என்றால் தெரியாத தொழிலாளி கிடையாது. நான் திருவள்ளூர்க்காரன், எனக்குத் தெரியவில்லை.

2. இடது தோள்

அடுத்த சில ஆண்டுகள் நாயுடு மாஸ்டர் குழுவுக்கு நான்தான் செட். மாஸ்டர் என் முதலாளியிடம், "அந்தக் கம்பத்துல ஏறுன பையனையே அனுப்பு நைனா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எஸ்தர் அக்கா அதே ஆணிக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்தார். அவருடைய அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் அந்தக் கம்பெனியே எழும்பியிருந்தது. புருஷன் சூளூர்ப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. கம்பெனியில் சேருவதற்கு முன்னால் பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ-இந்தியன் வீட்டில் வேலைக்கு இருந்தாராம். அந்த வீட்டுத் துரைக்கு அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர்கள் என்றால் உயிர். ராக், சோல் என்று ரெகார்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். தரையைத் துடைத்தபடி இவர் அதையெல்லாம் காதிலேயே ஏற்றிக்கொண்டார். "அவங்க கத்தறது எங்க சர்ச்சு ஜெபக்கூட்டம் மாரியே கீது தம்பி. அழுவறாங்களா, சண்ட போடறாங்களான்னே தெரியாது" என்பார். மெட்டை அங்கிருந்து எடுத்து, சொல்லைத் தானே போட்டுப் பாடினார். ஷிப்ட் சங்கு, நிற்காமல் போகும் ரயில், கட்டின புருஷன் என்று பாட்டில் வருவதெல்லாம் இங்கே உள்ள விஷயம்தான்.

அவருக்கு மைக் வைப்பது தனி வேலை. உச்சத்துக்குப் போவதற்கு ஒரு நொடி முன்னால் அவருடைய இடது தோள் லேசாக மேலே ஏறும். அதைப் பார்த்ததும் நான் வால்யூமைக் கால் சுற்று இறக்க வேண்டும். தாமதித்தால் புனலின் சத்தமே மைக்கில் திரும்பப் புகுந்து செட் கூவிவிடும். அவசரப்பட்டால் அந்த உச்சம் ஜனங்களுக்குப் போய்ச் சேராது. இதை அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் அவரிடம் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பாடுபவருக்கு என்று மேடையில் தனி ஸ்பீக்கர் கிடையாது. புனல்கள் எல்லாம் ஜனங்களைப் பார்த்திருக்கும். தன் குரல் வெளியில் எப்படிக் கேட்கிறது என்பது பாடுபவருக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் எஸ்தர் அக்கா என்னிடம் வந்து, "வெளிய எப்டி தம்பி இருந்துச்சு?" என்று கேட்பார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

வேனில் ஆண்கள் எல்லாரும் பின்னால் சீட்டு ஆடிக்கொண்டு வருவார்கள். அக்கா முன்சீட்டில் ஜன்னலோரம் இருப்பார். அவரோடு பேச அங்கே யாருமில்லை. நான் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளோடு லாரியில் வருவேன். கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தேன். இரண்டு பேருமே தனிக்கட்டை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குரலும் என் கையும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. அந்த வயதில் எனக்கிருந்த ஒரே துணை அதுதான் என்று இப்போது தெரிகிறது, அப்போது வேலை என்றுதான் நினைத்தேன்.

3. இரண்டு கச்சேரிகள்

அவர் குரல் எந்த ரெகார்டிலும் இல்லை. அதனால் நான் பார்த்ததில் இரண்டையாவது எழுதி வைக்கிறேன்.

திருநின்றவூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் அமைதியான பாட்டாகக் கேட்டிருந்தார்கள். எஸ்தர் அக்காவும் அடக்கித்தான் ஆரம்பித்தார். இரண்டாவது சரணத்தில் என்ன நினைத்தாரோ, தோள் ஏறியது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சோற்றுக் கையோடு எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். பெண்ணின் சித்தப்பா என் மேசைக்கு ஓடிவந்து, "சவுண்டைக் குறைப்பா" என்றார். குறைப்பது போல ஒரு திருகைத் திருப்பினேன். அது எதிலும் இணைக்காத திருகு. இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒன்று வைத்திருந்தோம்.

இன்னொன்று கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் ஒரு கம்பெனியில் நடந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அங்கே ஓர் ஆள் உலைப் பக்கம் விபத்தில் இறந்திருந்தார். கச்சேரியே வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். எஸ்தர் அக்கா மேடையேறி டிரம், கிதார் எல்லாவற்றையும் கையமர்த்திவிட்டு, ஷிப்ட் சங்கைப் பற்றிய பாட்டைத் தனியாக எடுத்தார். சங்கு ஊதியும் வீட்டுக்கு வராத ஆளை வாசலில் நின்று கூப்பிடுவது போன்ற பாட்டு. கூப்பிடக் கூப்பிடக் குரல் உடைந்துகொண்டே போகும். கடைசியில் சொல் எதுவும் இருக்காது, வெறும் கரகரப்பு மட்டும் நிற்கும். ஒருவரும் விசிலடிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு ஃபோர்மேன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கண்ணும் கலங்கிவிட்டது, தோள் ஏறியது தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் செட் கூவியது.

4. கைக்குட்டை

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் நாயுடு மாஸ்டர் கடைக்கு வந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு புதுக் கம்பெனியின் ஆண்டு விழா. அந்தக் கம்பெனி முதலாளியின் சிநேகிதர் ஒருவர், மெட்ராஸில் ரெகார்டு கம்பெனிக்குப் பாடகர்களைத் தேர்வு செய்பவர், விருந்தாளியாக வருகிறார். எஸ்தர் அக்கா பாடுவதைக் கேட்கவே வருகிறார். பிடித்துப்போனால் ரெகார்டு.

விழாவன்று மதியம் கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் என்னிடம் வந்தார்.

"அந்தம்மா வாய்ஸ் ரொம்ப கரகரன்னு இருக்குமாமே. வர்றவர் பெரிய மனுஷன். உங்க மிஷின்ல கொஞ்சம் ஸ்வீட்டா பண்ண முடியாதா?"

மாஸ்டரும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செய் நைனா. எஸ்தரு பொழப்பு ஒசந்துடும். அதாண்ட மட்டும் சொல்லாத, மனசு ஒடிஞ்சி பூடும்."

சித்தப்பாக்களுக்குத் திருப்புவதற்கென்றே ஒரு பொய்த் திருகு என்னிடம் இருந்தது. அன்றைக்கு அதைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. அக்காவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று எனக்கும் வெறி. தவிர, இத்தனை வருடம் இந்தக் குரலைக் கையாண்டவன், இதைச் சரிசெய்யவும் எனக்குத் தெரியும் என்ற திமிரும் இருந்தது. டோன் திருகை அடிமட்டத்துக்கு இறக்கினேன். அதில் பாதிக் கரகரப்பு போகும். மீதிக்காக என் கைக்குட்டையை இரண்டாக மடித்து மைக்கின் மேல் கட்டினேன்.

எஸ்தர் அக்கா மேடைக்கு வந்ததும் பார்த்துவிட்டார். "இது இன்னாத்துக்கு தம்பி?"

"காத்து அடிக்குதுக்கா. மைக்ல புஸ்ஸுன்னு கேக்கும்."

"நீ சொன்னா சரி."

அன்றைக்குப் போல அவர் என்றுமே பாடியதில்லை. பக்கவாட்டில் இருந்த எனக்கு நேர்க்குரலும் கேட்டது. கழுத்து நரம்பு புடைக்க, மேடைப் பலகை அதிர, உள்ளே இருந்த எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். ஆனால் விருந்தாளியின் நாற்காலி நாற்பதடி தள்ளி, புனலுக்கு நேராக இருந்தது. புனலில் வந்ததோ போர்வைக்குள்ளிருந்து முனகுவது போல ஒரு குரல். கரகரப்பு இல்லை. கூடவே அக்காவும் இல்லை. முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்க் கைக்குட்டையை அவிழ்த்திருக்கலாம், டோனை ஏற்றியிருக்கலாம். வெல்ஃபேர் ஆபீசர் என் தோளைத் தட்டி, "பிரமாதம்" என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்றாவது பாட்டில் விருந்தாளி எழுந்துவிட்டார். போகும்போது மாஸ்டரிடம் சொன்னதை அக்காவும் கேட்டார். "நல்லாதான் பாடறாங்க. ஆனா சாதாரணக் குரல். இந்த மாதிரி எங்ககிட்ட நிறையப் பேர் இருக்காங்க."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"வெளிய எப்டி தம்பி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்ப செட்டு மேல தப்பு இல்ல. என் கொரலுதான் தேஞ்சி பூட்ச்சி" என்று சொல்லிவிட்டு வேனில் போய் ஏறிக்கொண்டார்.

5. கம்பெனி வாசல்

அதற்குப் பிறகு அவர் மேடையேறவில்லை. மாஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டும், தொண்டை போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். சர்ச்சில்கூடப் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாஸ்டர் வேறொரு பெண்ணைப் பாட வைத்தார். தேன் மாதிரிக் குரல். என் கைக்கு வேலையே இல்லை. கச்சேரி முழுக்க வால்யூம் திருகைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தத் தனிமையை நான் எதிரிக்கும் நினைக்கமாட்டேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் தைரியம் வந்தது. கவரைப்பேட்டையில் ஆணிக் கம்பெனி வாசலில் மதிய ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் போய் நின்றேன். அக்கா டிபன் தூக்கோடு வெளியே வந்தார். அங்கேயே, போகிற வருகிற ஆட்களுக்கு நடுவில், டோனை இறக்கியதையும் கைக்குட்டைக்குச் சொன்ன பொய்யையும் சொன்னேன். மாஸ்டர் பேரையோ ஆபீசர் பேரையோ இழுக்கவில்லை. கை என்னுடையதுதானே.

அவர் டிபன் தூக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அன்னிக்கி என் தொண்ட நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அதுக்கு முன்னாடி நீங்க அப்டி பாடுனதே இல்லக்கா."

அவர் கண் நிறைந்துவிட்டது. "புருசன் பூட்டான், அத்த தாங்கிக்கினேன். அந்த ரெகார்டு ஆளு வேணாம்னு போனான், பரவால்ல. மேடல நான் ஒண்டியாதான் நிப்பேன் தம்பி. கீழ நீ ஒருத்தன் கேட்டுக்கினு கீறன்னுதான் பாடுவேன். நீ போய் என் வாயப் பொத்திட்டியே."

நான் காலில் விழாத குறை. அவர் நிற்காமல் போய்விட்டார்.

6. சைக்கிள் ஸ்டாண்டு

அந்த வருட ஆயுத பூஜைக்கு எஸ்தர் அக்கா மறுபடியும் பாடினார், அதே ஆணிக் கம்பெனியில். மாஸ்டரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: "வேற செட்டு வைங்க."

நான் அழைப்பில்லாமல் போய், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டத்தோடு நின்றேன். வேறு யாரோ ஆபரேட்டர். அக்காவின் தோள் ஏறியது, அவன் கவனிக்கவில்லை, செட் கூவியது, அவர் சட்டை செய்யவில்லை. அந்தக் கரகரப்பு முழுசாக, யாரும் கை வைக்காமல், கம்பெனிச் சுவரைத் தாண்டி ரயில் தண்டவாளம் வரைக்கும் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அத்தனை வருடத்தில் அவருக்காக நான் கைதட்டியது அதுதான் முதல் தடவை. கச்சேரி நேரத்தில் ஆபரேட்டர் கை திருகை விட்டு வராது. அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. போய்ப் பேச எனக்கு முகமில்லை. அவர் குரலை நான் கேட்டது அதோடு சரி.

பிறகும் பல வருடம் இதே தொழிலில் இருந்தேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரிய பெரிய மிஷின்களோடு வருகிறார்கள், எந்தக் குரலையும் எப்படியும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு குரலில் கை வைப்பதற்கு முன்னால், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரிடம் போய் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு மேடையில் காற்று என்று பொய் சொன்ன வாயால் உண்மையைச் சொல்லியிருந்தால், எஸ்தர் அக்கா சிரித்துக்கொண்டே கைக்குட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்திருப்பார்.