ஆழ்கடல் சேறும் அம்பத்தூர் எஸ்டேட்டும்

எரிமலை கக்கிய சாம்பல், உண்மையில் பொடிப்பொடியான கண்ணாடி, ஆழ்கடலின் அடியில் போய்ப் படுத்து, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, லட்சக்கணக்கான வருஷத்தில் களிமண்ணாக மாறும். அது எதுவரை மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். பார்க்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் விழிக்கிறவர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

வீடு பார்த்தது

வேலை கிடைத்த புதிதில் ஆவடி பக்கத்து முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் அங்கேயே பிறந்து விவசாயம் பார்த்தவர். "இன்னா வேலைம்மா?" என்றார். கப்பலில் போய்க் குழாய் இறக்கி எடுத்துவரும் கடலடிச் சேற்றை அம்பத்தூர் எஸ்டேட் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறோம் என்றேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வீடு போச்சு என்றே நினைத்தேன்.

சாவியை நீட்டியபடி கேட்டார்: "சேறுதான் வோணும்னா செம்பரம்பாக்கம் ஏரிலயே கீதே, அதுக்கு இன்னாத்துக்குக் கப்பலு?"

ரயிலோடு போன பொட்டலம்

ஒருமுறை, எக்ஸ்ரே சோதனைக்குக் கொண்டுபோன சேற்றுப் பொட்டலத்தை மின்சார ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அந்த இடத்துச் சேறு எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான். மறுபடி வேண்டுமென்றால் இன்னொரு கப்பல் போக வேண்டும்.

மறுநாள் காலை அதே பெட்டியில், தினமும் கூட வரும் பூக்கார அக்கா கூடைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "அரைச்ச மருதாணின்னு நென்ச்சி கைல வெச்சிக்கலாம்னு பிரிச்சேன் கண்ணு, கருவாட்டு நாத்தம் அடிச்சுது, அதான் பொழச்சுது."

கடைசி நாள்

ஆய்வுக்கூடத்தை மூடிய நாளில், எனக்கு மூத்தவரான மேரி அக்காவும் நானும் மட்டும் மிச்சமிருந்தோம். அக்கா பாளையங்கோட்டையிலிருந்து வந்து அம்பத்தூரிலேயே தங்கிவிட்டவர். மைக்ராஸ்கோப்பை அட்டைப்பெட்டியில் வைக்கும் முன் கடைசியாக ஒரு சாம்பல் துகளைப் பார்த்தோம். ஓரமெல்லாம் களிமண், நடுவில் மட்டும், எரிமலையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே கண்ணாடி. இப்போது அந்தக் கட்டடம் ஏதோ கம்பெனியின் குடோன். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் என்னையறியாமல் ஜன்னலோரம் நகர்ந்துவிடுகிறேன்.

அன்று அக்கா வெகுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, நானும் இந்த ஊருக்கு வந்து எம்புட்டு வருசமாச்சு, எனக்கும் ஓரம் மட்டுந்தாம் மாறிருக்கு."

லட்சம் வருஷம் அவசரமே இல்லாமல் மாறுகிற சாம்பலோடு இத்தனை காலம் பழகியும், ஆவடி ஷேர் ஆட்டோ இன்னும் ஒரு ஆளுக்காக நின்றால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.