கடைசிக் கூறு

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் கிறிஸ்மஸ் என்றால் முதலில் சண்டை, பிறகுதான் சாப்பாடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த எல்லா வீட்டாரும் பங்கு சேர்ந்து ஆடு வாங்குவோம். கலவான பசாரில் இறைச்சிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா மலையேறி வந்து அறுத்துக் கொடுப்பார். கூறு போட்டு முடிந்ததும் யாராவது ஒருவர் தன் இலையைப் பார்த்து முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஒரு வருஷம் ஈரல் துண்டுக்காக முறைத்துக்கொண்ட இரண்டு வீட்டார் ஈஸ்டர் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

அண்ணன் தலையெடுத்த வருஷம், கிறிஸ்மஸுக்கு முன்பே வீட்டில் சண்டை வந்துவிட்டது. அவன் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய மாட்டானாம். நானா கடையில் தொழில் பழகப் போகிறானாம். நானாவும் சம்மதித்துவிட்டார். அறுப்பது அவர் வேலை, வெட்டிக் கொடுப்பது அண்ணன் வேலை.

"கசாப்புக்கடைக்காரனுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அப்பாவுக்கோ அவனைத் தன்னோடு ரப்பர் மலைக்குக் கூட்டிப்போய்ப் பால் வெட்டப் பழக்க வேண்டுமென்று ஆசை.

"மரத்த வெட்டுனா நல்ல புள்ள, ஆட்ட வெட்டுனா கெட்ட புள்ளையாப்பா?" என்று அண்ணன் கேட்டான்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சரி, இந்த வருசம் நீயே கூறு போடு. ஒரு வீட்டுல கொற சொன்னாலும் பேசாம வந்து பேர் பதியணும்." நடக்காத காரியம் என்று தெரிந்தே சொன்னார். எனக்கு அண்ணன் ஜெயிக்க வேண்டும். அவன் கடைக்குப் போய்விட்டால் எங்கள் வீட்டில் தினமும் கறிதான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஓரவஞ்சனை வரக்கூடாதென்று எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு கூறைக் குச்சியால் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பிள்ளை ஏதாவது ஒரு வீட்டைச் சொல்லும். குச்சி அப்பா கையில் இருக்கும். முதுகைக் காட்டி நிற்பது நான். நம்ம வீட்டைக் கடைசியில்தான் சொல்லணும், அதுதான் மரியாதை என்று அம்மா பழக்கியிருந்ததால் வருஷா வருஷம் அப்படியே சொல்வேன்.

அண்ணன் வெட்டிய அழகை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஈரல், தொடை, விலா, கொழுப்பு எல்லாம் வாழையிலைகளில் ஒன்றுபோல விழுந்தன. நானாவே தலையாட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் புதிதாகக் கல்யாணமான ஒருவன், "எங்களுக்குத் தனிக் காம்பரா குடுத்துட்டாங்கல்ல? எங்க கூறு எங்க?" என்றான். அவர்களும் இப்போது தனி வீடு என்பது அண்ணனுக்கு மறந்தே போயிருந்தது. மற்ற கூறுகளில் கைவைத்தால் முணுமுணுப்புக் கிளம்பிவிடும். மிச்சமிருந்த கழுத்தையும் முழங்காலையும் வைத்து இன்னொரு கூறு போட்டான். அது யார் தலையில் விழுமோ என்று எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

நான் முதுகைக் காட்டி நின்றேன். அப்பா கேட்கக் கேட்க ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் "நம்ம வீட்டுக்கு" என்று திரும்பினால், அப்பாவின் குச்சி அந்த எலும்புக் கூறின் மேல் இருந்தது.

"நமக்கு மட்டும் எலும்பா?" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் முகம் வெளிறிப்போனது. அப்பா என்னைப் பார்த்தார். "ஒம் பேரு செக்ரோல்ல இருக்கா?"

செக்ரோலில் வேலைக்குப் போகிறவர்கள் பேர்தான் இருக்கும். "இல்ல" என்றேன்.

"அப்ப நீ சொல்றது கணக்குல வராது. வேற யாருக்காச்சும் கொற இருக்கா?"

லயமே சிரித்தது. அம்மா இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எலும்புக் குழம்பு. அப்பா எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சிச் சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த வாரமே அண்ணன் நானா கடைக்குப் போய்விட்டான்.

என் ராசிதான் சரியில்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூறை அப்பா முதலிலேயே தொட்டிருந்தால் எவனாவது சண்டைக்கு வந்திருப்பான், அண்ணனும் ரப்பர் மலைக்குப் போயிருப்பான். குச்சி அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனதை லயமே பார்த்திருக்கிறது. பார்க்காதவள் நான் ஒருத்திதான்.