கட்டி வைத்த கை

மூளையில் அடிபட்ட எலிகளோடு என் பாதி ஆயுள் போனது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடம். நான் தமிழ் வழியில் படித்தவன். இந்தத் துறையின் ஆங்கிலத்தை அகராதியும் கையுமாக நானே பழகிக்கொண்டேன். ஸ்டெம் செல் என்பது, தான் என்னவாக ஆவது என்று இன்னும் முடிவெடுக்காத செல். அதை அடிபட்ட இடத்தில் செலுத்தினால் புது நரம்பு உண்டாகுமா, விளங்காமல் போன கை மறுபடி அசையுமா? வருடக்கணக்காக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்துத்தான் அண்ணன் விழுந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்து கோவில்பதாகை வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி மழைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூளையின் இடது பக்கம் அடி; வலது கை போனது, பேச்சு துண்டு துண்டானது. கூட வேலை செய்த நண்பர் பார்க்க வந்தவர், "மெயினு ஆஃப் மாமே, இன்வெர்ட்டர்ல ஓடிகினு கீற," என்றார். விபத்துக்குப் பிறகு அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். அவர் நிலைமையை இவ்வளவு சரியாகச் சொன்ன பாடப்புத்தகம் எதையும் நான் படித்ததில்லை.

வீட்டில் எல்லோரும் என்னை நம்பினார்கள். ஊசி வரும், அதைத் தம்பியே கொண்டுவருவான்.

"எலிக்குச் சரியாச்சா தம்பி?" என்பார் அண்ணி, நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"சில எலிக்கு ஆகுது அண்ணி. மனுசனுக்கு வருமான்னே தெரியாது. கைக்கு வேலை குடுங்க, இப்போதைக்கு அதான் மருந்து."

தலையாட்டுவார். பிறகு பக்கத்து வீட்டம்மாவிடம் அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்கும்: "அது அப்டித்தான் சொல்லும்க்கா. வெளிய சொன்னா வேலை பூடுமாம்."

இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, உண்டு என்பது அவர்களுக்கு உறுதியாயிற்று.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண் விரல்களைப் பிரித்தபோது அண்ணன் வலியில் கத்தினார். மறுநாளே அண்ணி அவளை நிறுத்திவிட்டார். ஊசி வரும்வரை கை கெட்டுப்போகக் கூடாதே என்று துண்டால் மடித்துக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார். இடது கையால் சாப்பிடுவது அண்ணனுக்கு மானக்கேடு. அதனால் அண்ணியே பிசைந்து ஊட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வது இதற்கு நேர்மாறு. எலியின் நல்ல முன்னங்காலைக் கட்டிவிடுவோம். தீனியைக் குறைத்துவிடுவோம். ஒரு சந்துக்கு அப்பால் சர்க்கரை உருண்டை இருக்கும். பசித்த எலி விளங்காத காலை நீட்டும், தவறவிடும், மறுபடி நீட்டும்.

பாதி எலிகளுக்கு ஸ்டெம் செல் போட்டோம், மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். கடைசியில் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுபோலத் தேறியிருந்தன. நாங்கள் செலுத்திய செல்கள் பெரும்பாலும் செத்துக் கிடந்தன. எலியைத் தேற்றியது கட்டும் பசியும்தான். திரும்பச் செய்தோம், அதுவேதான். கல்லூரி திட்டத்தை மூடியது. "இதுவும் ஒரு ரிசல்ட்தானே சார்," என்றார் துறைத்தலைவர், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலையே கோவில்பதாகைக்குப் போனேன்.

"ஊசி வராதுண்ணா. மூடிட்டாங்க."

"வெளிய சொல்லக் கூடாதுன்னா உடுங்க தம்பி," என்றார் அண்ணி.

"ரகசியம்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. ஆராய்ச்சி வேலை போச்சு, என்னைப் பாடம் எடுக்கப் போகச் சொல்லிட்டாங்க."

வேலை போவது அண்ணிக்குப் புரிந்த விஷயம். அப்போதுதான் நம்பினார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எலி... தேறிச்சின்னியே," என்றார் அண்ணன்.

"ஊசியால இல்லண்ணா. நல்ல காலைக் கட்டிப் போட்டதால."

அண்ணன் தன் இடது கையை என் முன்னால் நீட்டினார். "கட்டு."

எலிகளுக்கு முதல் சில வாரங்களிலேயே கட்டிவிடுவோம். இவருக்கோ வருடங்கள் ஓடிவிட்டன. கழுத்துத் துண்டை அவிழ்த்தேன்; வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகியிருந்தன. நான் பிரித்துப் பார்த்தேன், வரவில்லை. இருந்தும் இடது கையைக் கட்டினேன். அண்ணி தட்டை வைத்தார். அந்த மூடிய கை சோற்றின் மேல் விழுந்தது, இழுத்தது, தட்டு தரையில் நகர்ந்தது. ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை. தட்டு சுவரில் இடிக்கும்வரை அவர் விடவில்லை.

"மொதல்லயே... ஏன்... கட்டல?"

சொன்னேனே என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு தரையில் சிந்திய சோற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்குத் தெரியாதுண்ணா," என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத்தினி வருசம்... இன்னாத்தடா... படிச்ச."