கம்பம் கம்பம் குமுளி

கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு ரேடியோ கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஈயம் பற்றவைக்கிற கம்பி, வயிறு திறந்து கிடக்கும் நாலைந்து டேப் ரெக்கார்டர்கள், அவ்வளவுதான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்யாணமோ காதுகுத்தோ, எந்த வீட்டு விசேஷத்திலும் டிஸ்கோ பாட்டுக் கேட்ட காலம். எனக்குப் பாட வராது, எதையும் வாசிக்கவும் வராது. ஆனால் யாராவது தாளம் தப்பினால் பல் கூசும். இதை ஒரு வியாதி என்றுதான் என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுவதற்கு ஓர் அண்ணன் இருந்தார். வடக்கே கம்பம் போகிற ஜீப்புக்கும் மலையேறிக் குமுளி போகிற ஜீப்புக்கும் அவர் ஒருவரே கூப்பிடுவார். ஜீப்பின் பானட்டை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே "கம்பம் கம்பம் குமுளி, கம்பம் கம்பம் குமுளி" என்பார். மூச்சு எங்கே விடுவார் என்று தெரியாது. காலையிலிருந்து பொழுது சாயும் வரை என் காதில் அதுதான்.

கம்பத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதை நடத்தியவன் என் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே தூக்குச்சட்டி. நன்றாகக் கீபோர்டு வாசிப்பான். அவனுடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து அவனுக்கு ஒரு ரிதம் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெட்டியில் வரிசையாகப் பதினாறு சின்ன விளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பொத்தான். ஓடவிட்டால் சிவப்பு வெளிச்சம் விளக்கு விளக்காகத் தாவி ஓடும். நாம் எந்த விளக்குக்குச் சத்தம் வைத்திருக்கிறோமோ அங்கே டிரம்மோ கைதட்டலோ விழும். பதினாறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஓர் அடிக்கு இரண்டு விளக்கு என்றால் எட்டு அடி. உலகத்து டிஸ்கோ எல்லாம் அந்த எட்டுக்குள்தான் இருந்தது.

ஒருநாள் பெட்டி பழுதாகி என் மேஜைக்கு வந்தது. பழுதை எடுத்த பிறகும் திருப்பிக் கொடுக்க மனசு வராமல் நோண்டிக்கொண்டிருந்தேன். ஓரத்துப் பொத்தான் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு பதினாலாவது விளக்கைத் தொட்டேன். வெளிச்சம் அந்தப் பதினாலோடு நின்று மறுபடி ஒன்றிலிருந்து ஓடியது. கடைசி இரண்டு விளக்கும் இருட்டாகவே இருந்தன. எட்டு அடி ஏழு ஆகிவிட்டது. அதே நேரத்தில் வெளியே அண்ணன் கூப்பிட்டார். கம், பம், கம், பம், கு, மு, ளி. எண்ணிப் பாருங்கள், ஏழு. பெட்டியும் அவர் குரலும் ஒரு சுற்றுக்கூட விலகாமல் சேர்ந்து ஓடின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷமாக என் கடை வாசலில் ஓர் ஆள் ஏழில் கத்திக்கொண்டிருக்கிறார், பல் கூசுகிறவனுக்கு அது தெரியவில்லை.

சிநேகிதன் வந்தபோது ஓட்டிக் காட்டினேன். சிரித்தான்.

"ஏழுல தாலாட்டலாம் மாப்ள. ஆட முடியாது. மனுசனுக்கு ரெண்டு காலு. ஏழுல ஒரு காலு தொங்கும்."

அண்ணனைக் கடைக்குள் கூப்பிட்டேன். "அண்ணே, நீங்க கூப்பிடுறத மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஆடுங்க" என்றேன். முதல் கம்பத்துக்கு வலது காலை வைத்தார். இரண்டாவது கம்பத்துக்கு இடது. குமுளிக்கு மூன்று குட்டிக் காலடி வைத்து ஒரு திரும்பல். மொத்தம் ஐந்து காலடி. ஆகவே அடுத்த சுற்று தானாகவே இடது காலில் தொடங்கியது. தொங்கின காலுக்கும் வேலை கிடைத்துவிட்டது. சிநேகிதன் வாயைப் பிளந்தான்.

"பொங்கல் விழாவுல இதையே வச்சிருவோம்" என்றான். "ஏழுலயே வாசிக்கிறோம். எங்க ஆத்தா மேல சத்தியம்."

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு காலத்தில் மொடாக் குடியர். ஸ்டாண்டிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் போடாத ஜீப் டிரைவர் கிடையாது. குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊர் அதை நம்பவில்லை. காய்ச்சலில் நடை தளர்ந்தால்கூட ஊர் மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். ஆடிப் பழகத் தொடங்கிய இரண்டாம் நாள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ஊரு என்னையத் தள்ளாடித்தான் பாத்திருக்கு தம்பி. ஒரு தடவ ஆடிப் பாக்கட்டும்."

அதற்குப் பிறகு அது என் விளையாட்டாக இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஜீப்புக்கு ஆள் வராது. தினமும் அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜையை ஓரங்கட்டிவிட்டு அண்ணன் ஆடுவார். ஒரு மாதம் ஆடினார். கடைசியில் பெட்டியை நிறுத்தினாலும் அவர் உடம்பு ஏழில் போனது. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "குழுவோட சேத்துப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிச் சிநேகிதன் பெட்டியை எடுத்துப்போனான். "நானும் வர்றேன்" என்றேன். "நீ எதுக்கு அலையுற, எல்லாம் ஒனக்குத் தெரிஞ்சதுதான" என்றான். எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு. நல்ல வெயில். ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில் அண்ணனுடைய மனைவியும் மகளும் புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேடையின் இடது ஓரத்தில் பெட்டியோடு நான். "செட் பண்ணி வச்சிருக்கேன், நீ அமுக்குனாப் போதும்" என்று சிநேகிதன் தோளைத் தட்டிவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"இப்ப நம்ம மெக்கானிக் கண்டுபிடிச்ச ஏழு அடி டிஸ்கோ! இந்தப் பள்ளத்தாக்குலயே மொதத் தடவ! ஆடுறவுக நம்ம ஸ்டாண்டு அண்ணன்!"

அமுக்கினேன். கம்பம், கம்பம், குமுளி, அதற்குப் பின்னால் ஒரு கைதட்டல்.

எனக்கு முதலில் புரியவில்லை. விளக்கைப் பார்த்தேன். வெளிச்சம் பதினாலைத் தாண்டிப் பதினைந்து, பதினாறு என்று போய்த் திரும்பியது. பதினைந்தில் கைதட்டல் வைத்திருந்தான். 'குமுளி' என்பது 'குமுளிக்கு' என்று ஆகியிருந்தது. ஒரே ஒரு 'க்கு'. கம்பம் கம்பம் குமுளிக்கு. எட்டு.

அண்ணன் இதை அறியாமல் ஏழில் போனார். முதல் சுற்றில் ஓர் அடி முந்தினார். இரண்டாவதில் இரண்டு. நின்று பிடிக்கப் பார்த்தார். கால் ஒரு பக்கம் போனது, கைதட்டல் இன்னொரு பக்கம் விழுந்தது. குமுளிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கம்பம் வந்து நின்றது. ஒருமுறை சுழன்றவர் நிலை தவறிக் கிடார்க்காரன் மேல் போய் மோதினார். கீழே ஒரு குரல், "போச்சுடா, மறுபடி ஆரம்பிச்சிட்டாரு!" மைதானம் முழுக்கச் சிரித்தது. அதற்குள் பையன்கள் எழுந்து அந்த எட்டுக்கு ஆடத் தொடங்கிவிட்டார்கள். புழுதி கிளம்பியது. ஊரே ஆடியது. மேடையில் அண்ணன் ஒருவர்தான் தள்ளாடினார். மகள் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

நான் அமுக்கவில்லை. என்ன நடக்கிறதென்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். புரிந்துவிட்டது. ஆனால் ஜனம் ஆடிக்கொண்டிருந்தது. என் ஏழுக்கு ஆடுவதாக நினைத்து ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

இன்னொன்றும் அப்போதே புரிந்தது. சிநேகிதனின் விரல்கள் எங்கும் தடுக்கவில்லை. கிடார்க்காரனும் தடுமாறவில்லை. புதுசாக ஓர் அடி கூடினால் பழகாத கை கட்டாயம் தப்பும். ஒரு வாரமாக எட்டில்தான் பழகியிருக்கிறார்கள். குழு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது, எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியவில்லை. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அந்தக் குழியை எவ்வளவு நிதானமாக, எவ்வளவு தாளம் தப்பாமல் பறித்திருக்கிறான்!

முடிந்ததும் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். "ஏலே, ஏழுல ஊரையே ஆட வச்சிட்டியே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாங்கிக்கொண்டேன். ஏழு இல்லை, எட்டு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் சிநேகிதனைப் பிடித்தேன்.

"ஆத்தா மேல சத்தியம் பண்ணுனியேடா."

"ஒரே ஒரு கைதட்டு மாப்ள. யாருக்குத் தெரிஞ்சுச்சு? ஜனம் ஆடுச்சா இல்லையா? ஏழுல விட்டிருந்தா கல்லெறிஞ்சிருப்பாக."

"அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஒன்கிட்ட வந்து சொல்லிருவாரு" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே அடித்திருக்க வேண்டும். தோளில் புதுத்துண்டு கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு எப்படி அடிப்பது? அதன் பிறகு அவனோடு நான் பேசவில்லை. பெட்டி பழுதானபோது வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணன் சவரம் செய்து, திருநீறு பூசி, எப்போதும் போல ஜீப்பின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார்.

"அண்ணே, நான் மாத்தலண்ணே. அவன் மாத்திட்டான். எனக்கே தெரியாது."

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி தம்பி. ஆனா ஒன் கை பெட்டி மேலதான இருந்துச்சு?"

அவர் பானட்டைத் தட்டினார். "கம்பம் கம்பம் குமுளிக்கு! கம்பம் கம்பம் குமுளிக்கு!" அந்தக் 'க்கு' மேல் ஓங்கி ஒரு தட்டு.

அன்றிலிருந்து அவர் அப்படித்தான் கூப்பிட்டார். ஜீப்பில் ஏறுகிறவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு 'க்கு'வுக்கும் பல் கூசியது. போகப் போக, அவருக்கும் எட்டே பழகிப்போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருமுறை சாமான் வாங்கத் தேனிக்குப் போனேன். கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் சொன்னாள்.

"நீங்க இல்லாதப்ப அந்த அண்ணன் 'க்கு' சொல்றதே இல்லைங்க. காலையிலருந்து பழையபடிதான் கூப்பிட்டுக்கிட்டிருந்தாரு. இப்ப நீங்க பஸ்ஸ விட்டு எறங்கவும்தான் ஆரம்பிச்சிருக்காரு."