புல்லுக்குத் தண்ணி ஊத்தப்படாது!

உலகத்தில் எத்தனையோ உத்தியோகம் இருக்க, அடுத்தவர் வீட்டுப் புல் ஒழுங்காகக் காய்கிறதா என்று பார்த்துவரும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. ஐம்பதுகளில் ஒரு கோடை அது. மழை ஏமாற்றிவிட்டது. முனிசிபாலிட்டியில் நான் தண்ணீர்க் குழாய்களை மேற்பார்வை பார்க்கிறவன். ஊர் எனக்கு வைத்த பெயர் ‘கொழா இன்ஸ்பெக்டர்’.

தெருக்குழாயடியில் காலிக் குடத்தோடு நின்றவர்களுக்கும், பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாகச் சோறு வடித்தவர்களுக்கும் என் பாடு புரியும். எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது. என் மனைவி செல்லம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான கட்டுமாவடிக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. சேதி கேட்டு ஓடினேன். நான் இருந்த அந்த ஒரு பகல் முழுவதும் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. அதன் கண் அவளைப் போலவா என்னைப் போலவா என்றுகூடத் தெரியாமல் திரும்பி வந்தேன். ஐந்தாம் மாதம் அண்ணனோடு வந்துவிடுகிறேன் என்றாள் செல்லம். அதற்குள் பஞ்சம் பிடித்துக்கொண்டது. மழை பெய்கிறவரை எனக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

தண்டோரா

ஊருணியில் சேறு தெரிய ஆரம்பித்ததும் உத்தரவு வந்தது: ‘பங்களாக்களின் புல்தரைகளுக்குக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சுதல் கூடாது.’ சமஸ்தானம் போனாலும் அந்தக் காலத்துப் பெரிய அதிகாரிகள் கட்டிய பங்களாக்களும், அவற்றின் முன்னால் வளர்த்த சீமைப் புல்லும் அப்படியே இருந்தன. தண்டோரா போட மாரிமுத்துவைக் கூப்பிட்டேன். வாயில் வெற்றிலை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. உத்தரவை நான் வாசித்ததும் முகத்தைச் சுளித்தார். ‘பாய்ச்சுதல்’ என்றால் சனங்கள் வயல் என்று நினைத்துவிடுவார்களாம். பேச்சுத் தமிழில் தானே போட்டுக்கொள்கிறேன் என்றார்.

சந்தை முனையில் தப்பைத் தட்டிவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, “புல்லுக்குத் தண்ணி ஊத்தப்படாதுஉஉ! மீறி ஊத்துனா அவராதம்!” என்று முழங்கினார். கூட்டம் வாயடைத்து நின்றது. என்ன பயபக்தி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும்போது மாரிமுத்துதான் என் காதோரம் கேட்டார்: “கோவிச்சுக்காதீங்க சார், மெய்யாலுமே புல்லுக்குத் தண்ணி ஊத்துறவுக இருக்காகளா? அதுவும் நம்ம ஊர்லயா?”

நகரும் முக்காலி

இருந்தார்கள். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் இருந்தார். ஊரெல்லாம் பழுப்பேறிக் கிடந்தபோது அவர் பங்களா மட்டும் பச்சை. ஒரு காலையில் கேட்டைத் திறந்து உள்ளே போனேன். புல்தரைக்கு நடுவில் முக்காலி போட்டு, இடுப்பில் துண்டோடு உட்கார்ந்து, சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். முக்காலியைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. நேற்றைய வட்டம் பக்கத்தில் இருந்தது, முந்தாநாள் வட்டம் அதற்கும் பக்கத்தில்.

ஈரப் புல்லில் அவருடைய பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தது. என் மகளும் இந்நேரம் குப்புற விழப் பழகியிருப்பாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டமெல்லாம் மறந்துபோனது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா, புல்லுக்கு...” என்று இழுத்தேன். ஜட்ஜ் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுச் சொன்னார்: “நான் குளிக்கிறேன். புல்லு எனக்குக் கீழ இருந்தா அதுக்கு நான் என்னய்யா பண்றது? நாளைக்கு அந்த மூலையில குளிக்கலாம்னு இருக்கேன், நீயும் வா.”

அண்டா

ஐந்தாம் மாதம் வந்தது, செல்லம் வரவில்லை. கட்டுமாவடியிலிருந்து மீன்கூடையோடு முதல் பஸ்ஸில் சந்தைக்கு வரும் பாத்தும்மாதான் எங்களுக்குத் தபால். கேட்டால், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமாம் தம்பி” என்பார். ஆறாம் மாதமும் அதே பதில்.

ஊரில் தண்ணீர் இல்லை என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். சீதனமாக வந்த பித்தளை அண்டாவைத் துலக்கிக் கொல்லையில் வைத்தேன். உத்தியோகம் முடிந்ததும் மற்றவர்களோடு தெருக்குழாயில் வரிசையில் நின்று, கிடைக்கும் ஒரு குடத்தில் எனக்குப் பாதி, அண்டாவுக்குப் பாதி. அண்டா நிறைந்தபிறகும் விடவில்லை. பழைய தண்ணீரை நான் குளிக்க எடுத்துக்கொண்டு புதுசை ஊற்றினேன். மூடியைத் திறந்து பார்த்தால் என் முகம் மட்டும்தான் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அண்டா நிறைந்திருக்கிறது என்று போய்ச் சொல்லச் சொன்னேன் பாத்தும்மாவிடம். அந்த அம்மாள் மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சட்டம் போட்டுக்கிட்டு வீடு வீடாத் திரியிறவுகளே நீங்கதானே தம்பி? அது எப்படிப் புள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கிட்டு வரும்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மடவை மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமைக்கத் தோன்றாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

பாய் அகலப் புல்

மிஷன் பள்ளிக்கூடத்தில் சூசையம்மாள் என்று ஒரு டீச்சர். ஆவூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுவாசலில் பாய் விரித்த அகலத்துக்குப் புல் வைத்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பலேறும் முன்னால் தன் கையால் நட்டது. திரும்பி வந்து அதில் உட்கார்ந்துதான் காபி குடிப்பேன் என்று சொல்லிப் போனாராம். போனவரிடமிருந்து கடுதாசி வருவது நின்று வெகுநாள் ஆகிவிட்டது. டீச்சர் என்னிடம் வாதாடவில்லை. உத்தரவு வந்த அன்றே ஊற்றுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். புல் நுனியெல்லாம் கருகியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து பழக்கமாகிவிட்டது. “டீச்சர், உத்தரவு குழாய்த் தண்ணிக்குத்தாங்க. அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்தினா யாரும் கேக்க முடியாது” என்றேன். அவர் புல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஒருத்தி சோத்துக்கு எம்புட்டு சார் அரிசி களையிறது?”

நனைந்த பிள்ளை

உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கோடையில் என் சைக்கிள் மணி கேட்டாலே சந்தைப்பேட்டைத் தெருக்களில் பெண்கள் குழந்தையை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். என் மீசையைப் பார்த்து ஓடுகிறார்கள் என்றிருந்தேன். மீசையைச் சிறியதாக்கியும் பயனில்லை.

ஒருநாள் சந்தில் உடைந்த குழாயைப் பார்க்கத் திரும்பினேன். ஓலைத்தட்டி மறைவில் ஒருத்தி கால்நீட்டி உட்கார்ந்து, காலில் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நனைந்த பிள்ளையைச் சேலையில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அவராதம் போட்டுறாதீங்க சாமி! மேலுக்கு ஒரு செம்புதான் ஊத்துனேன், தலைக்கு ஊத்தலை! வெக்கை உப்புசத்துல புள்ளை ராவெல்லாம் அழுவுது!”

புள்ளை! எனக்கு இடி விழுந்தது போலிருந்தது. புல்லுக்குத் தண்ணி ஊத்தப்படாது. புள்ளைக்குத் தண்ணி ஊத்தப்படாது. சந்தையில் கூட்டம் ஏன் வாயடைத்து நின்றது என்று அப்போது புரிந்தது. அந்தக் கூட்டத்தில் மீன்கூடையோடு பாத்தும்மாவும் நின்றிருப்பார். அவர்தான் அதைக் கட்டுமாவடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற விடாத ஊர், அதை வீடு வீடாகப் போய்த் தடுக்கிறவன் புருஷன். எந்தத் தாய் வருவாள்?

அந்தப் பெண்ணிடம் உத்தரவு புல்லுக்குத்தான் என்று சொல்லி, தலைக்கும் ஊற்றச் சொல்லிவிட்டு, நேரே மாரிமுத்து வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பினார். “நான் புல்லுன்னுதான் சார் சொன்னேன். குடிக்கவே தண்ணியில்லாத ஊர்ல புல்லுக்கு ஊத்துறாகன்னு சொன்னா எவன் நம்புவான்? அவுக காதே புள்ளைன்னு திருத்திக்கிருச்சு.”

மறுநாள் மாரிமுத்து வெற்றிலை இல்லாமல் ஊர்முழுக்கச் சுற்றி, கையில் ஒரு பிடி புல்லைத் தூக்கிக் காட்டித் தண்டோரா போட்டார். என் மேலதிகாரி லீவு என்ற சொல்லுக்கே எரிந்து விழுகிறவர். கதையைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “நிக்காதய்யா. மொதல்ல போயி ஒம் புள்ளைக்குத் தண்ணி ஊத்து.”

கட்டுமாவடி பஸ்

பஸ்ஸில் வழிநெடுக வறண்ட கண்மாய்கள். போய் இறங்கியபோது செல்லம் வாசலில் வலைக்கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நல்ல நிறைந்த குளம் போன்ற முகம், என்னைக் கண்டதும் இறுகிவிட்டது. “ஊரான் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேங்க. நீங்களே கூட நின்னு தப்படிக்க வச்சீங்கன்னுல்ல பாத்தும்மா சொல்லுச்சு” என்றாள். எத்தனை இரவு இதை நினைத்து அழுதிருப்பாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் ஒரு புல்லைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். சத்தம் கேட்டு உள்ளே தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். அவள் கண்தான்.

மறுநாள் வீடு வந்து சேர்ந்ததும் செல்லம் நேராகக் கொல்லைக்குப் போய் அண்டாவின் மூடியைத் திறந்தாள். தளும்பத் தளும்ப நின்ற தண்ணீரில் எங்கள் மூன்று பேர் முகமும் தெரிந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகி, கால்நீட்டி உட்கார்ந்து, குழந்தைக்காகக் கை நீட்டினாள். “ஏங்க, இம்புட்டுத் தண்ணியும் புள்ளைக்கா, இல்லை புல்லுக்கா?”

இரண்டுக்கும்தான் ஆனது: ஊரெல்லாம் புல்லைக் காயவைத்துத் திரிந்த என் வீட்டுக் கொல்லையில், பிள்ளை குளித்த தண்ணீர் ஓடிய இடத்தில், மழைக்கு முன்னாலேயே அருகம்புல் முளைத்துவிட்டது.